தப்பென்று சொல்ல மலையேறிய கதை

ஜவ்வாது மலைக்குச் சிலர் தேன் வாங்கப் போகிறார்கள், சிலர் அருவி பார்க்கப் போகிறார்கள். நான் போனது, முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணியிடம், "நீங்கள் படிக்கிற காலத்தில் போட்ட கணக்கு தப்பு" என்று சொல்வதற்கு. இதற்காகவே ஜெர்மனியிலிருந்து கிளம்பி வந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டாம். வேலூரில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், அதற்குத்தான் வந்தேன். போகிற போக்கில் இதையும் முடித்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். எனக்கு எதுவுமே போகிற போக்கில் முடிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் கொஞ்சம் அடிபட்டுத்தான் திரும்பினேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயணமே புரியாது. ஒரு பெரிய எண் வரைக்கும் இன்ன குணமுள்ள எண்கள் எத்தனை என்று கேட்பது எண் கணிதக்காரர்களின் வழக்கம். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அதனால் ஒரு சூத்திரம் கொடுத்து, "இதற்கும் உண்மைக்கும் வித்தியாசம் இருக்கும். ஆனால் அந்தப் பிழை, பெரிய எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் இத்தனை மடங்குக்கு மேல் போகாது" என்று உறுதி கொடுப்பார்கள். அந்த 'இத்தனை மடங்கு' எவ்வளவு என்று மட்டும் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார்கள். ஏதோ ஒரு மாறிலி, எண் எவ்வளவு பெரிதானாலும் அது மாறாது, அதற்கு மேல் கேட்காதே என்பார்கள்.

இந்த மாதிரி நிரூபணங்களை வரி வரியாகக் கணினிக்குப் புரிகிற மொழியில் எழுதி, ஒரு மென்பொருளிடம் சரிபார்க்கக் கொடுப்பது எங்கள் ஆறு பேர் குழுவின் வேலை. அந்த மென்பொருளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் கண்டக்டர். நூறு வரியில் ஒரு வரிக்கு டிக்கெட் இல்லை என்றாலும் விசில் அடித்து வண்டியை நிறுத்திவிடும். கெஞ்சினாலும் நகராது.

சென்ற மாதம் கண்டக்டர் விசில் அடித்த இடம், தேன்மொழி என்பவர் எம்.ஃபில். ஆய்வேட்டில் எழுதிய ஒரு துணைத்தேற்றம். எங்கள் நீளமான சங்கிலியில் அது ஒரு கண்ணி. பக்கத்தில் அவர் பெயரையும் போட்டிருந்தோம். அந்த நிரூபணத்தில் ஓட்டை இருந்தது. நான் உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன், ஒட்டு நின்றது. ஆனால் பிழையின் எல்லையில் கூடுதலாக ஒரு மடக்கை, அதாவது ஒரு லாக், வந்து ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை. அவருடைய துணைத்தேற்றத்தை எடுத்துவிட்டு என்னுடைய மட்டமான எல்லையை வைத்தாலும் வண்டி ஓடும். நஷ்டமெல்லாம் அவருக்குத்தான். இந்த உலகத்தில் அவர் பெயரில் இருக்கிற ஒரே கணிதம் அந்த ஒன்றரைப் பக்கம்.

யாருடைய முடிவை நீக்கினாலும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. தேன்மொழிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. நான்கு நாளில் குழுக் கூட்டம், அதில் நீக்கிவிடுவதாக ஏற்பாடு. "துணைத்தேற்றம் தவறு" என்று குழுவுக்கு நானே எழுதியும் அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

முதல் நாள் புதூர்நாட்டுக்குப் போனேன். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதியிருந்த முகவரி அங்கே ஒரு பள்ளிக்கூடம். பஸ்ஸைத் தவறவிட்டு ஜீப்பில் ஏறினேன். ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் பதின்மூன்று பேர், நான்கு பலாப்பழம், ஒரு மின்விசிறி. டிரைவர் முனுசாமி என்னை முன்சீட்டில், கியருக்கும் கதவுக்கும் நடுவில் செருகினார்.

"இன்னா மேடம், ஒண்டியாவா வந்தீங்க?"

"ஆமாங்க. ஒரு டீச்சரைப் பாக்கணும்."

"டீச்சரப் பாக்கவா? பையன் மார்க்கு கொறஞ்சிடுச்சா?"

"மார்க்கு கொறஞ்சது டீச்சருக்குத்தாங்க" என்றேன். அவர் அதைப் பின்னால் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

பாதி வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி அதற்கும் முன்பே பஞ்சர். முனுசாமி கொஞ்சமும் அசராமல், "பேஜாரே இல்ல மேடம். அந்த மேடு தாண்டினா ஒரு கூப்புடு தூரம். நடந்துகினே இருங்க, நான் வந்து ஏத்திக்கறேன்" என்றார். மேடு தாண்டினேன். பள்ளிக்கூடத்தைக் காணோம். புளி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "கூப்புடு தூரந்தாம்மா" என்றார். இன்னும் நடந்தேன். அடுத்து சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவும் அதையேதான் சொன்னார். மூன்று கூப்பிடு தூரம் என்றால் கால் மணி நேரம் என்று நான் போட்ட கணக்கு, ஒன்றரை மணி நேரமாக இழுத்துக்கொண்டு போனது.

சூட்சுமம் அந்த அம்மாவிடம்தான் தெரிந்தது. திடீரென்று முறத்தை இறக்கி வைத்துவிட்டு, எதிர் மலையைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். என் காது அடைத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் எதிர் மலையிலிருந்து, கண்ணுக்கே தெரியாத அவர் புருஷன், "வர்றேன்" என்று பதில் சொன்னார். இவருக்குக் கூப்பிடு தூரம் என்பது ஒரு மலைக்கும் இன்னொரு மலைக்கும் நடுவே இருப்பது. தூரத்தைச் சொல்லும்போது யார் தொண்டை என்று கேட்டிருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு நான் மூன்று பேர் கூப்பாட்டையும் ஒரே கூப்பாடாக நினைத்துக் கூட்டியிருக்கிறேன். நான் இருக்கும் ஊரில் பஸ் நிறுத்தத்துப் பலகையில் மூன்று நிமிடம் என்று போட்டால் மூன்று நிமிடம்தான். அந்தச் சொகுசு என்னைக் கெடுத்து வைத்திருக்கிறது.

ஒருவழியாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தால், தேன்மொழி டீச்சர் ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகிப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். அதற்குள் முனுசாமி ஜீப்போடு வந்துவிட்டார்.

"ஜம்னாமரத்தூரா? இதே மலதான் மேடம். அந்தாண்ட பக்கம்."

"கூப்பிடு தூரமா?"

"இல்ல மேடம். அது கூப்ட்டா கேக்காது."

சுற்றி இறங்கித்தான் மறுபடி ஏற வேண்டும் என்றார். கிளம்புவதற்கு முன் அவர் வீட்டில் சாப்பிடச் சொன்னார். நான் மரியாதைக்கு மறுத்துப் பார்த்தேன். "வூட்டாண்ட வந்துட்டு சாப்புடாம போவீங்களா?" என்று அவர் மனைவி தட்டை முன்னால் வைத்துவிட்டார். கேழ்வரகுக் களி, நடுவில் குழி, குழியில் கீரைக் குழம்பு. நான் மென்றதைப் பார்த்து அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மெல்லக்கூடாதுங்க. முழுங்கணும்." விழுங்கிப் பார்த்தேன். சொர்க்கம். மென்று வீணாக்கிய பாதிக் களிக்காக இன்னும் வருத்தப்படுகிறேன்.

இரண்டாம் நாள் நிஜக் கண்டக்டர் ஒருவரோடு மலையேறினேன். பஸ் வளைவு வளைவாக ஏறியது. என் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் குட்டிக்கு டிக்கெட் கேட்டார்.

"இது கொழந்தைங்க" என்றார் அந்த அம்மா.

"எத்தினி வயசு?"

"பொறந்து ஒரு மாசங்கூட ஆவலே."

கண்டக்டர் யோசித்துவிட்டு, "சரி, சீட்ல ஒக்காரக்கூடாது, மடியிலயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னுடைய கண்டக்டரிடம் இப்படியெல்லாம் பேசி ஒரு வரியைக்கூட நகர்த்த முடியாது.

ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ எஞ்சின் சூடேறி, புகை வந்து, எல்லோரும் இறங்கினோம். டிரைவர் குடத்தோடு தண்ணீர் தேடிப் போனார். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தையே பிரித்துவிட்டார். நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்து, தேன்மொழியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "வருத்தத்தோடு தெரிவிக்கிறேன்" என்று ஆரம்பித்தால் தந்தி மாதிரி இருந்தது. "ஒரு சின்ன விஷயம்" என்பது பொய். கடைசியில் பேசாமல் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. கையில் சாக்பீஸ் தூள், தோளில் பெரிய பை, வேகமான நடை. சொந்த ஊர் கலசப்பாக்கமாம். கணவர் அங்கே நெல் அறுக்கிற இயந்திரம் வாடகைக்கு விடுகிறார், இவர் வேலைக்காக இங்கே தனியாக வீடு எடுத்து இருக்கிறார். இதையெல்லாம் நடந்துகொண்டே இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, "நீங்க இன்னா விஷயமா வந்தீங்க?" என்றார்.

ஆய்வேட்டின் நகலை எடுத்துக் காட்டினேன். நின்றுவிட்டார். "இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?"

வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கணக்கு இதுதான். ஒவ்வொரு சின்ன எண்ணையும் எடுத்துக்கொண்டு, அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் ஓர் எல்லைக்குள் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு சின்ன எண்ணுக்கு மட்டும் என்றால் பிழை ஒரு மாறிலிக்குள் அடங்கிவிடும், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த மாறிலி வேறு. எண்ணுக்குப் பகாக் காரணிகள் கூடக் கூட மாறிலியும் பெருகும். இவர் பிழைகளையெல்லாம் கூட்டும்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாறிலி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நேற்று நான் மூன்று பேர் தொண்டையை ஒன்றாக்கி நடந்த கதைதான்.

அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். முகம் சிவந்தது. ஆனால் ஒரு சாக்கும் சொல்லவில்லை. "ஆமாங்க. தப்புதான்" என்றார். பிறகு, "வைவாவுல மூணு பேரு பாத்தாங்க, யாரும் கேக்கலயே" என்றார்.

"மனுஷங்க கேக்க மாட்டாங்க. எங்க கண்டக்டர் கேட்டுது."

"சரி, தப்புன்னா இன்னா தப்பு? வழி தப்பா, விடை தப்பா?"

"வழி தப்பு. அதனால விடையும்..." என்று இழுத்தேன்.

"அதனாலன்னா? பசங்க வழியத் தப்பாப் போட்டு விடை சரியா வந்தா, விடைக்குன்னு ஒரு மார்க்கு நான் போடுவேன். விடை தப்புன்னு நீங்க பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் வழியை அடைத்தேன், என் வழியில் போனேன், லாக் வந்தது, விடை தவறு என்று முடிவுகட்டிவிட்டேன். இருந்தாலும் எனக்கு என் மேல் அபாரமான நம்பிக்கை. "நான் எல்லாம் பார்த்துட்டேங்க. லாக் இல்லாம வராது" என்று அடித்துச் சொன்னேன்.

"அப்ப எம்பேரு?"

"எடுத்துடுவோம்" என்றேன். ஒத்திகை பார்த்ததில் இந்த வார்த்தை இல்லை.

அவர் நகலை மூடி என் கையில் கொடுத்தார். "எங்க வூட்டுக்காரருக்கு எம்.ஃபில்.னா சம்பளத்துல ஒரு இன்க்ரிமென்ட். அவ்ளோதான் தெரியும். இத நான் போட்டேன்னு யாருக்குமே தெரியாது. எனக்கு ஒண்டிதான் தெரியும். பரவால்ல, ஆனா எடுக்கறீங்கன்னா கஷ்டமாத்தான் இருக்கு." இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை, அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "கூட்டம் என்னைக்கு?"

"நாளை மறுநாள் சாயங்காலம்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் முழுசா இருக்கு. லாட்ஜுலாம் வேணாம், வூட்டுக்கு வாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாடு சாமைச் சோறும் புளிக்குழம்பும். தப்பென்று சொல்ல வந்தவளுக்கு இரண்டாம் முறையும் அப்பளம் போட்டார். அந்த அப்பளம் தொண்டையில் இறங்க மறுத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் இறங்கியது. நல்ல பசி.

மூன்றாம் நாள் நான் கண் விழித்தபோது அவர் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். தேர்வுக்கு நடுவில் ஒரு நாள் விடுப்பாம். திரும்பி வந்து இரண்டு குடங்களை இறக்கிவிட்டு, சாமை உப்புமாவைத் தட்டில் போட்டு, "நாஸ்தா துன்னுட்டு சந்தையப் பாத்துட்டு வாங்க. எனக்கு வேல இருக்கு" என்று என்னை வெளியே தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். மேசை மேல் பழைய வினாத்தாள் கட்டு ஒன்று இருந்தது. பள்ளி வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமுனாமரத்தூர் சந்தை சின்னதுதான், ஆனால் சுறுசுறுப்பு. மலைமேல் ஊர்களிலிருந்து சாமை, தேன், பலா, கொட்டை எடுத்த புளி. கீழேயிருந்து தக்காளி, வெங்காயம், பிளாஸ்டிக் குடம், நைட்டி. புளி வாங்கும் பாக்கியம் என்ற வியாபாரியம்மா முன்னால் நல்ல கூட்டம். மின் தராசு வைத்திருந்தார், குரலும் அதற்குச் சளைக்காத குரல்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் நாலைந்து மூங்கில் கூடைகளில் புளி கொண்டுவந்திருந்தார்கள், எல்லாம் வேறு வேறு அளவு. கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். ஒருவர் தன் கூடைகளை மொத்தமாகத் தராசில் ஏற்றப் போனார். பாக்கியம் தடுத்துவிட்டார்.

"யாரு வூட்டுதுன்னு அப்பால பாக்கலாம். மொதல்ல பெரிய கூடயெல்லாம் இந்தாண்ட வைங்க. சின்னதெல்லாம் அந்தாண்ட."

"ஏங்க அப்படி?" என்று கேட்டேன்.

"வூட்டுக்கு வூடு குத்துமதிப்பாக் கழிச்சா வூட்டுக்கு ஒரு சண்டம்மா. எத்தினி வூடு வருது பாருங்க. கூடைக்குக் கூடை கழிச்சா ஒரு சைஸுக்கு ஒரே கழிவு. பெரிய கூடை எத்தினி இருந்துடப் போவுது?"

கூடைப் பிடியில் கட்டியிருந்த துணி நிறத்தை வைத்து எது யார் வீட்டுடையது என்று பிறகு பிரித்துக்கொண்டார்கள். நான் வாயைப் பிளந்து நின்றேன். வீட்டுக்கு வீடு கூட்டினால் ஒவ்வொரு வீட்டிலும் பிழை சேர்கிறது. முதலில் கூடையின் அளவால் பிரித்துவிட்டால், பெரிய அளவுகளில் சரக்கு கொஞ்சம், பிழையும் கொஞ்சம். நானும் தேன்மொழியும் சின்ன எண்ணை முதலில் எடுத்து, பொதுக் காரணியை அப்புறம் எடுத்தோம். அதைத் திருப்பிப் போட்டால்? முதலில் பொதுக் காரணியால் பிரித்து, அதற்குள் மற்றதையெல்லாம் கூட்டினால்? காரணி பெரிதாகப் பெரிதாகப் பிழை சட்டென்று தேய்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் வர்க்கமூலத்தின் ஒரு நிலையான மடங்குதான். லாக் எங்கேயும் வராது.

செருப்பு தேயத் தேய ஓடினேன். வழியெல்லாம் மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். அவர் பெயரைக் காப்பாற்றியது நான், அதுவும் புளிச்சந்தையில். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். வாசலிலேயே மூச்சு வாங்க, "தேன்மொழி, வரிசையை மாத்தணும். கூட்டல் வரிசையை" என்றேன்.

அவர் வினாத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டீங்களா? குந்துங்க. மூச்சு வாங்குது பாருங்க" என்று சொல்லிவிட்டு மூன்று தாள்களை நீட்டினார். அதேதான். வரிசையை மாற்றி, பொதுக் காரணியை முன்னால் இழுத்து, முழுவதும் எழுதி முடித்திருந்தார். கடைசி வரியில் லாக் இல்லை.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"தண்ணிக்கு லைன்ல நிக்கும்போது. சரியான்னு பாக்காம சொல்லக்கூடாதுன்னுதான் உங்கள சந்தைக்கு அனுப்பிச்சேன்."

நான் புளிக்கூடைக் கதையைச் சொன்னேன். பாக்கியத்திடம் வாராவாரம் புளி வாங்குகிறவர், அதைப் பார்த்துத்தான் அவருக்கும் தோன்றியிருக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"புளிக்கூடயா?" என்று சிரித்தார். "அத நீங்க எங்கயாச்சும் எழுதிக்குங்க, நல்லா இருக்கும். எனக்குத் தண்ணி லைன்ல வேற வேல இல்ல, அதான்."

அடுத்து கண்டக்டர். என் மடிக்கணினியைத் திறந்து, அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் அதை அதன் மொழியில் எழுதினேன். இரண்டு தடவை கரண்ட் போனது. மதியத்துக்குள் எல்லா வரிகளும் தேறிவிட்டன, ஒன்றைத் தவிர. பொதுக் காரணி ரொம்பப் பெரிதாகும்போது உள்ளே எண்ணுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது, மிச்சம் ஒன்றுக்கும் கீழே போய்விடும். "அங்கே உன் எல்லை செல்லுமா?" என்று கண்டக்டர் சிவப்பு விளக்கோடு நின்றது. பேட்டரியில் கொஞ்சம்தான் சார்ஜ் இருந்தது. அந்தப் பகுதியைத் தனியாக வெட்டி, வேறு மாதிரி எல்லை கட்டினால் குறைந்தது இரண்டு பக்கம் ஆகும், கரண்டும் இல்லை.

"இதுல இன்னா இருக்கு?" என்றார் தேன்மொழி. "ஒன்னுக்குக் கீழ போய்ட்டா, நம்பரவிட அதோட வர்க்கமூலந்தானே பெருசு? கால்னா அதோட வர்க்கமூலம் அரை. நாம எல்லை சொன்னதே வர்க்கமூலத்துலதான். அப்ப அங்கயும் அதே எல்லை செல்லும். வெட்டவே வேணாம். வருஷா வருஷம் பசங்க இதத் தப்பாப் போடுவாங்க. வர்க்கமூலம்னாலே சின்னதாயிடும்னு நெனைப்பாங்க."

பசங்கள் மட்டுமல்ல, நானும் அந்த நிமிடத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வெளியே சொல்லவில்லை. ஒரே வரி எழுதினேன். கண்டக்டர் யோசித்தது. பிறகு சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கடைசி வரியும் தேறியது. எந்த வரிக்கும் டிக்கெட் பாக்கியில்லை.

தேன்மொழி திரையையே பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க. இனிமே இதை உலகத்துல யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவெல்லாம் இல்லை. "டீ போடறேன்" என்று எழுந்தார். பிறகு திரும்பி வந்து, "அந்தப் பொட்டியில நானும் கொஞ்சம் எழுதலாமா? தமிழ்ல அடிக்கும்ல அது?" என்றார். அடிக்கும் என்றேன். டீயை நான் போடப் போனேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை பஸ்ஸில் ஏற்றிவிட வந்தார். ஒரு பாட்டில் தேனும், செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிலோ புளியும் கையில் கொடுத்தார். "பாக்கியங்கிட்ட வாங்கினது. உங்களுக்குத்தான் அந்தம்மாவ ரொம்பப் புடிச்சிருக்கே" என்றார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "கூட்டத்துல இன்னா சொல்வீங்க?" என்று கேட்டார்.

"உள்ளதைச் சொல்வேன்" என்றேன்.

இறங்கும்போது எஞ்சின் சூடேறவில்லை, டயர் வெடிக்கவில்லை, ஆட்டுக்குட்டிகூட ஏறவில்லை. கலசப்பாக்கத்தில் சிக்னல் முழுசாக வந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். முதலில் குழுவுக்குக் கடிதம். "துணைத்தேற்றம் தவறு என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். நிரூபணம்தான் தவறு. துணைத்தேற்றம் சரி. இரண்டையும் ஒன்றென்று நினைத்தது என் தவறு. சரியான நிரூபணம் இணைப்பில், சரிபார்க்கப்பட்டது." எழுதுவதற்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. களி மாதிரி மெல்லாமல் விழுங்கிவிட்டேன்.

இணைப்பதற்காகக் கோப்பைத் திறந்தேன். எங்கள் கோப்புகளில் ஒவ்வொரு துணைத்தேற்றத்துக்கும் மேலே, கண்டக்டர் படிக்காத, மனிதர்கள் மட்டும் படிக்கிற குறிப்பு வரி ஒன்று இருக்கும். தேன்மொழி அங்கே மூன்று வரிகள் தட்டியிருந்தார்.

"இதை முதலில் தவறாக நிரூபித்தவர்: தேன்மொழி.

பிறகு சரியாக நிரூபித்தவர்: தேன்மொழி.

தப்பென்று சொல்ல மலையேறி வந்தவர்: ராதா."

குறிப்புகளெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் இன்னொரு விதி. அந்த விதியை எழுதியதே நான்தான். மூன்று வரிகளையும் அப்படியே விட்டு, அனுப்பினேன்.